கேட்டைத் தட்டிப் பார்த்த நாய்கள்

எங்கள் வீட்டு ஓனர் சுகுமார் அங்கிளை இதுவரை ஏழு நாய்கள் கடித்திருக்கின்றன. இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. எந்த நாய், எந்த வருஷம், எந்தக் கால் என்று அவரே சொல்லுவார். மூன்றாவது கடி ஒரு ராஜபாளையம். "சத்தமே போடல. கையெழுத்து போடுறா மாரி வந்துச்சு, கடிச்சுது, போய்ப் படுத்துகிச்சு" என்பார். கடித்ததைவிட அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதுதான் அவருக்கு வருத்தம்.

அவர் மின்வாரியத்தில் கணக்கெடுப்பாளராக இருந்தவர். பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் என்று இருபத்தேழு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். மீட்டர் பெட்டியும் நாய்ச் சங்கிலியும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நம் ஊரில் யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். போர்டிகோவில் மேலே மீட்டர் இருக்கும், கீழே நாய் இருக்கும். அதனால் அவருக்கு ஒரு முறை உண்டு. கையில் இருக்கும் டார்ச்சால் கேட்டின் தாழ்ப்பாளை மூன்று தட்டு தட்டுவார். உடனே தொண்டையைத் திறந்து, "ஈ.பி.!" என்று ஒரு சத்தம் போடுவார். உள்ளே நாய் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். யாராவது வந்து சங்கிலியைப் பிடித்த பிறகுதான் கால் உள்ளே போகும். வேலை ரெண்டு நிமிஷம். அடுத்த வீடு.

இதில் ஒரு விளைவு என்னவென்றால், அவருக்கு இந்தப் பக்கம் ஆட்கள் பேர் ஒன்றும் தெரியாது. நாய் தெரியும். "ஜான்சி டீச்சர் வீடு எது அங்கிள்?" என்று கேட்டால் விழிப்பார். "வெள்ளை பொமரேனியன், மீட்டர் மாடிப்படிக்குக் கீழ" என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போவார்.

ரிட்டயர்ட் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் உடம்பிலிருந்து பயம் ரிட்டயர்ட் ஆகவில்லை. ஒரு நாள் மாடியிலிருந்து என் போனில் நாய் குரைக்கும் சத்தத்தை ஓடவிட்டேன். கீழே நின்றிருந்தவர் அறுபது தாண்டிய வயதிலும் ஒரே தாவலில் தன் ஸ்கூட்டர் சீட் மேல் ஏறி நின்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "ஏய் வாலு, எறங்கி வாடி, உனக்குக் கீது!" என்றார். நான் இறங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவளாக இருந்தாலும் அந்த அளவுக்கு அறிவு உண்டு.

இப்படிப்பட்ட மனிதர்தான் போன பிப்ரவரியில் ஒரு நாய் தேடிக் கிளம்பினார்.

காரணம் அருள்மேரி ஆன்ட்டி. அங்கிளின் மனைவி. பம்மலில் அங்கன்வாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரெண்டு வருஷத்துக்கு முன் வலது கை தானாக நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னார். கை நடுக்கத்தை ஆன்ட்டி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைங்களுக்குச் சத்துமாவு கலக்க நல்லதாப் போச்சு" என்று கிண்டல் செய்தார். ஆனால் கொஞ்ச நாளில் கால் வேறு ஒரு வேலையைத் தொடங்கியது. நன்றாக நடந்துகொண்டே வருவார். வாசற்படி, கேட், குறுகலான இடம் ஏதாவது வந்தால் ரெண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். ஒரு நிமிஷம் ஆகலாம், மூன்று நிமிஷமும் ஆகலாம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும்போது பெஞ்சுகளுக்கு நடுவே அப்படி நின்றுவிட்டார். பின்னால் வரிசை நின்றது. பாட்டு முடிந்தது. எல்லோரும் பார்த்தார்கள், அவ்வளவுதான். அன்றோடு ஆன்ட்டி வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

டாக்டர், அங்கிளைத் தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொன்னார்: "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். தினம் நாப்பது நிமிஷம் வெளிய நடக்கணும். வீட்டுக்குள்ள நடக்குறது கணக்கு இல்ல. இன்னும் ஆறு மாசம் இப்படி உக்காந்துட்டா, அப்புறம் நீங்க கூப்பிட்டாலும் கால் வராது."

அங்கிள் கெஞ்சினார், திட்டினார், ரெண்டு வேளை சாப்பிடாமல்கூட இருந்தார். மூன்றாவது வேளை ஆன்ட்டி மீன்குழம்பு வைத்ததால் அந்தப் போராட்டம் முடிந்தது. ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் ஆன்ட்டி தானாகவே சொன்னார்.

"ஏங்க, ஒரு நாய் இருந்தா நான் போவேன்."

"இன்னாது?"

"கையில ஒரு நாய் இருந்தா எல்லாரும் நாயைத்தான் பாப்பாங்க. நான் நின்னுட்டேன்னு வச்சுக்கோங்க, நாய் நிக்குது, அதான் இவளும் நிக்கிறான்னு நெனைச்சுப்பாங்க."

தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. ஏர்போர்ட்டை ஒட்டியிருக்கும் எங்கள் பொழிச்சலூரில் விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது வழக்கம். அன்றைக்கு விமானம் போகும் வரை அங்கிள் காத்திருக்கவில்லை. எழுந்து போய் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பேப்பரை நான் பார்த்தேன். நாற்பது நிமிஷம் சோராமல் நடக்க வேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. மேரி நின்றால் நிற்க வேண்டும், போனால் போக வேண்டும். பாய்ந்து மேலே ஏறவே கூடாது. ஆன்ட்டி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கடைசியில் அடிக்கோடு போட்டு, 'சுறுசுறுப்பு + அமைதி' என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் அவர் மகன் ஆல்வினுக்கு இதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஆல்வின் பதிலுக்கு ஒரு ஹஸ்கி படத்தை அனுப்பினான். "பொழிச்சலூர் வெயில்ல ஹஸ்கியா? அதுக்கு யாருடா ஏசி போடுறது, உங்க ஆபீஸா?" என்று அங்கிள் போனில் கத்தியது மாடி வரை கேட்டது.

தேடல் தொடங்கியது. எனக்கு அப்போது வேலை எதுவும் இல்லை; இந்த வேடிக்கையை விடவும் மனசு வரவில்லை. கூடவே போனேன்.

முதலில் பம்மலில் ஒரு பீகிள். காது தொங்கும், கண்ணைப் பார்த்தால் கடன் கொடுக்கத் தோன்றும். அங்கிள் அந்த வீட்டு கேட் முன்னால் நின்றார். பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். தாழ்ப்பாளில் மூன்று தட்டு.

"ஈ.பி.!"

பீகிள் ஆரம்பித்த குரைப்பு, நாங்கள் ரெண்டு தெரு தாண்டிய பிறகும் கேட்டது.

"ஏன் அங்கிள் அப்படிக் கத்துனீங்க?"

"நாயோட நெசமான கொணம் கேட்ல தாண்டி தெரியும். உள்ள ஒக்காந்து பிஸ்கட் தின்னுகினு இருந்தா எல்லா நாயும் நல்ல நாய்தான். கேட்டைத் தட்டுறப்ப சும்மா இருக்குது பாரு, அதான் அமைதியான நாய். இருவத்தேழு வருச சர்வீஸ் இது."

இதில் எனக்கும் அப்போது தப்பு எதுவும் தெரியவில்லை.

ரெண்டாவது, குரோம்பேட்டையில் ஒரு பக். தட்டினார், கத்தினார், அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பாஸ். அங்கிளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சங்கிலியை நீட்டி, அரை மைல் தள்ளி நின்றபடியே பிடித்து, தெருவில் நடத்திப் பார்த்தார். முப்பதாவது அடியில் பக் உட்கார்ந்துவிட்டது. பிரஷர் குக்கர் மாதிரி மூச்சு. கடைசியில் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்தேன்.

மூன்றாவது, அவரோடு வேலை பார்த்த சேட்டு அண்ணன் வீட்டுச் சிப்பிப்பாறை, முடிச்சூரில். ஒல்லியாக, நெட்டையாக, ரொம்ப மரியாதையாக இருந்தது. "ஈ.பி.!" என்றதும் எழுந்து நின்றது, குரைக்கவில்லை.

"வூட்டுக்குள்ள இது சாமியார், சுகுமாரு. இருக்குறதே தெரியாது" என்றார் சேட்டு அண்ணன்.

"வெளிய?"

"வெளிய பூனை வராத வரைக்கும் வெளியவும் சாமியார்தான்."

பூனை வந்தது. அங்கிள் கையில் சங்கிலி இருந்தது. எனக்குத் தெரிந்து அவர் அந்த வேகத்தில் ஓடியது அதுதான் முதல் தடவை; ஓடினார் என்பதைவிட எடுத்துப் போகப்பட்டார் என்று சொல்வது சரி. முட்டி ரெண்டும் தேய்ந்து ரத்தம். சிரிக்கலாம் என்றுதான் கிட்டே போனேன். அவர் ரோட்டில் உட்கார்ந்தபடி, "நல்ல வேளை, இது மேரி கையில இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது ஆன்ட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆட்டோ சத்தம் கேட்டதும் முதலில் கீழே பார்ப்பார், நாலு கால் ஏதாவது இறங்குகிறதா என்று. அப்புறம்தான் எங்கள் முகத்தைப் பார்ப்பார். "பரவாயில்லைங்க" என்பார். அதற்குள் மார்ச் பாதி வந்துவிட்டது. ஹாலிலிருந்து சமையலறை வாசலைத் தாண்டுவதற்கே ஆன்ட்டி அப்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாலாவது நாய் பெருங்களத்தூரில். ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு பெரியவர், பாங்கில் இருந்து ரிட்டயர்ட் ஆனவர். புது அபார்ட்மென்ட்டின் தரைத்தளம். மனைவியோடு கனடாவுக்கு, மகள் வீட்டுக்கே போகிறார். நாயைக் கொடுக்க நல்ல இடம் தேடுகிறார். நாய்க்கு நாலரை வயது. கோதுமை ரவை நிறம், பேரும் ரவை. போனில் பேசியபோது அங்கிள் கேட்டார், "என்ன பிரீட் சார்?"

"அப்பா லேப்ரடார். அம்மா பெருங்களத்தூர்" என்றார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். கிரில் கேட். உள்ளே ரவை தரையில் தாடையை வைத்துப் படுத்திருந்தது தெரிந்தது. அங்கிள் டார்ச்சை எடுத்தார். கிரில்லில் தட்டியதால் சத்தம் இன்னும் ஜோராக எழும்பியது.

"ஈ.பி.!"

ரவை எழுந்து வந்து போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஸ்ரீநிவாசராகவன் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன சார், ரீடிங் போன வாரம்தானே எடுத்துண்டு போனா?"

"நாய் பாக்க வந்தேன் சார். போன் பண்ணேனே, சுகுமார்."

"அதுக்கு ஏன் சார் ஈ.பி.ங்கறேள்?"

அங்கிள் என் பக்கம் திரும்பி, "கொலைக்குது. வேணாம், வா" என்றார். அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ நெரிசலில் நின்றது. அங்கிள் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார். "அப்படி ஒரு நாய் ஒலகத்துலயே இல்ல போல" என்றார்.

அன்று சாயந்திரம் ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, கேட்டைத் தட்டாம நீங்க ஒரு நாயையாவது பாத்திருக்கீங்களா?"

"இன்னா மேரி சொல்ற?"

"எங்க அங்கன்வாடிக்கு இன்ஸ்பெக்ஷன் வருவாங்க. புதுசா ஒருத்தர் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்ததும் பிள்ளைங்க அத்தனையும் அழும். அவங்க பத்து நிமிஷம் இருந்துட்டு, 'உங்க சென்டர்ல பிள்ளைங்க ரொம்ப அழுது'ன்னு எழுதிட்டுப் போவாங்க. அவங்க போனதும் எல்லாம் சிரிச்சுக்கிட்டு விளையாடும். அதை யாரும் எழுத மாட்டாங்க."

அங்கிள் வாயைத் திறந்தார். ஒரு விமானம் வந்தது. போனது.

"ரெண்டு நிமிசம்" என்றார். "எல்லா நாயையும் அந்த ரெண்டு நிமிசம்தான் பாத்திருக்கேன். நான் போன பெறகு அது இன்னா பண்ணும்னே எனக்குத் தெரியாது."

"பெருங்களத்தூர் நாயை நான் பாக்குறேன். நாளைக்கு ஆட்டோ சொல்லுங்க."

நான் கடலை உரிப்பதை நிறுத்தினேன். ஆன்ட்டி கேட்டைத் தாண்டி ஆறு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. ஆன்ட்டி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். வாசற்படி தாண்டினார். கேட் வந்தது. கால் நின்றுவிட்டது.

புதன்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் அதிகம். தண்ணீர் கேன் வண்டி வேறு நின்றிருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார். அங்கிள் காதோரம், "ஒண்ணு, ரெண்டு, எடுத்து வை மேரி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில், எதிர்ப்பக்கம் அடுக்கிவைத்திருந்த காலி கேன்கள் மேல் எப்படியோ என் கை பட்டுவிட்டது. பதினெட்டு கேன். தெரு முழுக்க உருண்டு ஓடின. கேன் அண்ணன் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தெருவே அந்தப் பக்கம் திரும்பி நின்றது. நான் கேன் பொறுக்கிவிட்டுத் திரும்பியபோது ஆன்ட்டி ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்.

பெருங்களத்தூரில் இறங்கியதும் ஆன்ட்டி அங்கிளிடம் கையை நீட்டினார். அங்கிள் டார்ச்சைக் கொடுத்தார். "நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றார் ஆன்ட்டி. அவர் ரோட்டின் மறுபக்கம் போய், கேட்டரிங் கடை போர்டைப் படிப்பதுபோல் நின்றார்.

ஆன்ட்டி கிரில் கம்பியில் கையை வைத்தார். நடுக்கத்தில் கம்பி லேசாகக் கிடுகிடுத்தது. ரவை எழுந்து வந்தது. குரைக்கவில்லை. அந்தக் கையை முகர்ந்தது, ஒருமுறை நக்கியது, பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தது.

"நேத்து உங்காத்துக்காரர் போட்ட சத்தத்துக்கு நானே குரைச்சிருப்பேன் மாமி" என்றார் ஸ்ரீநிவாசராகவன், கேட்டைத் திறந்துகொண்டே. பிறகு சொன்னார்: "இவளுக்குக் காலைல முக்கால் மணி, சாயங்காலம் முக்கால் மணி நடக்கணும். நடக்கலேன்னா செருப்பைக் கடிப்பா. நடந்துட்டா மீதி நேரம் ஃபேனுக்கு அடியில தூக்கம். என் ஒய்ஃபுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்போ ஆறு மாசம் இவளோடதான் நடந்தா. அதுல பழகிடுத்து."

சங்கிலியை ஆன்ட்டியின் இடது கையில் கொடுத்தார். அபார்ட்மென்ட் உள் ரோட்டில் ரெண்டு பேரும் நடந்தார்கள். ரவை மெதுவாகவும் போகவில்லை, இழுக்கவும் இல்லை. கார் நிறுத்தும் இடத்துச் சரிவு வந்ததும் ஆன்ட்டியின் கால் ஒட்டிக்கொண்டது. ரவை ரெண்டடி முன்னால் போய்விட்டது. சங்கிலி நேரானது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அங்கிள் போர்டை விட்டுவிட்டு ஓடி வருவதற்குக் கால் எடுத்தார்.

ரவை திரும்பிப் பார்த்தது. நின்றது. கொட்டாவி விட்டது. ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். பிறகு வாலை ஒருமுறை ஆட்டி, ஒரு அடி வைத்தது. ஆன்ட்டியும் வைத்தார்.

"எப்படி ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"வாலைப் பாத்தேன். கால் போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

ஒரு மாதம் வைத்துப் பழகிப் பாருங்கள் என்று ரவையைக் கொடுத்தனுப்பினார் ஸ்ரீநிவாசராகவன். கிளம்பும்போது அவர் அதன் நெற்றியை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் ஆட்டோவில் ரவை நடுவில் உட்கார்ந்தது. அங்கிள் டிரைவர் சீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

முதல் ரெண்டு நாள் ரவையை எங்கள் கேட்டைத் தாண்டவே ஆன்ட்டி விடவில்லை; உள்ளேயே நடந்தார்கள். மூன்றாம் நாள் சாயந்திரம் ஐந்தரைக்கு ரவையே போய்க் கேட் முன்னால் நின்றது. ஆன்ட்டி அதன் பின்னால் போனார். கேட்டில் வழக்கம்போல் கால் நின்றது. ரவையும் நின்றது. கேன் அண்ணன் கடையிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா ஆன்ட்டி, நாய் நின்னுகினு கீது?"

"அது அப்படித்தான்பா, அடிக்கடி யோசிக்கும்" என்றார் ஆன்ட்டி.

கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேரும் தெருவில் இருந்தார்கள். அங்கிள் பத்தடி பின்னால் போனார். ரவை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்து வீட்டு மீட்டர் பெட்டியை ஆராய்ந்தார். போகும்போது ஐந்து இடத்தில் நின்றார்கள், ஒவ்வொரு பைக் டயருக்கும் ரவை நின்றதைக் கணக்கில் சேர்க்காமல். கீரைக்காரம்மாவிடம் ஆன்ட்டியே பேரம் பேசி ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினார். திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

ஆன்ட்டி சோபாவில் சாய்ந்து செருப்பைக் கழற்றினார். "அய்யோ, காலு வலிக்குதுங்க" என்றார்.

அங்கிள் பதறிவிட்டார். "எங்க? ஒட்டிக்கிச்சா? வெறைக்குதா?"

"இல்லைங்க. கெண்டைக்கால்ல. நடந்ததால வர்ற வலி."

"நடந்த வலியா?"

"ஆமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு மேரி. நடந்த வலிதானா?"

"எத்தினி தடவை சொல்றது? நடந்த வலிதான்."

அங்கிள் தைலம் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ரவை படுத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை போல. நானும் சொல்லவில்லை.